கொழும்பைவிட லண்டன் கிட்ட

பாலையூற்று,
திருகோணமலை.
14.1.1979

அன்பு மருமகள் யோகமலருக்கு மாமா சோமசேகரம் எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மாவும் நல்ல சுகம். உன்னையும், மருமகன் குணரத்தினத்தையும், வயிற்றில் இருக்கிற சின்ன ஆளையும் கோணேசரிடம் பாரம் கொடுத்துவிட்டேன். இன்று பொங்கல் அல்லவா, மலைக்கு ஏறி நேரிலேயே சொன்னனான். 'ஓம் சோமசேகரம், நீ போ, நான் பாக்கிறன்' என்கிற மாதிரித்தான் அவருடைய முகமும் இருந்தது.

நீ அனுப்பின பிளேன் ரிக்கெற் முந்தநாள் வந்து சேர்ந்தது. முதல் பிள்ளைப்பேற்றுக்கு அம்மா வந்து நிற்க வேண்டும் என்று நீ கேட்டது நியாயம். ஆனால் அக்கா ரிக்கெற்றைக் கண்டதும் கதிரையில் இருந்துவிட்டா.

"எனக்கு ஏலாது சோமு. கொழும்புக்குப் போகவே இரவு முழுக்க றெயிலில குந்தியிருக்க வேணும். லண்டன் எங்க கிடக்கு? நான் உயிரோட போய்ச் சேந்த மாதிரித்தான்."

நான் விடுவேனா? ரிக்கெற்றை விரித்து அவவின் மடியில் வைத்தேன்.

"இதைப் பாரக்கா. பெப்ரவரி பதினொண்டு, காலமை ஆறு மணிக்குக் கட்டுநாயக்காவில பிளேன் ஏறுறாய். அண்டைக்கே பகல் இரண்டு மணிக்கு லண்டனில இறங்குறாய். எத்தினை மணித்தியாலம்?"

அக்கா விரல் மடித்து எண்ணினா. "எட்டு."

"கொழும்பு றெயிலுக்கு?"

"ஒன்பது."

"அப்ப எது கிட்ட?"

அக்கா ரிக்கெற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. பிறகு கேட்டா, "அப்ப, விடிய அவிச்ச இடியப்பம் பழுதாகாமப் போகுமோ?"

"ஆவியே அடங்காது அக்கா."

அவ்வளவுதான், அலுவல் முடிந்தது. பெட்டி அடுக்கத் தொடங்கிவிட்டா. பிள்ளைப்பேற்றுச் சரக்கு இடித்துச் சலித்துப் போத்தலில் போட்டாயிற்று.

இதை நான் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை, பிள்ளை. வெள்ளைக்காரன் காலத்தில் சீனன்குடா விமானத்தளத்தில் நின்றவன் நான். நிற்கிற பிளேன் உருளாமல் சில்லுக்குக் கட்டை வைப்பதும், எழும்பும்போது கட்டையை இழுப்பதும் என் பொறுப்பு. நான் கட்டையை இழுக்காமல் ஒரு பிளேனும் எழும்பினதில்லை. துரைமார் மேலே இருந்தபடி, 'மிஸ்டர் சோமா, பிளீஸ்' என்று பெருவிரலைக் காட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். யுத்தமே என் கட்டைக்காகக் காத்து நின்ற நாட்கள் உண்டு. நானும் எத்தனையோ தரம் மேலே போய் வந்தவன் என்றுதான் அக்காவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அவ கேட்டால் நீயும் அப்படியே சொல்லு.

துறைமுகத் தேயிலைக் கிட்டங்கியில் என்னோடு காவல் நிற்கிற கிண்ணியா அபூதாஹிருக்கும் கணக்கைச் சொன்னேன். அவன் வாயைப் பிளந்துவிட்டான். "சோமண்ணன், பாதைப் படகு வாறவரைக்கும் துறையில காத்துக் கிடந்து, கடல் தாண்டி, இஞ்ச வந்து சேர எனக்குப் பாதி நாள் போகுது. பேசாம லண்டனுக்கே வேலைக்குப் போகலாம் போல!"

நீ ஒன்றுக்கும் யோசியாதே. அக்காவை ஏற்றி அனுப்புவது என் வேலை.

சுகமாகப் பெற்றுப் பிழைக்க வாழ்த்தும்
மாமா


லண்டன்,
24.1.1979

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அம்மாவும் நீங்களும் சுகம் என்று வாசித்ததும் எனக்கு அரைவாசிச் சுகம் வந்தது. இங்கே நல்ல குளிர். மற்றப்படி இருவரும் நலம்.

அம்மாவைச் சம்மதிக்க வைத்ததற்கு உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. ஆனால் ஒரு விசயம் மாமா. பயணம் எட்டு மணித்தியாலம் இல்லை. ரிக்கெற்றில் ஏறும் நேரம் கொழும்பு நேரம், இறங்கும் நேரம் லண்டன் நேரம். உங்களுக்கு மத்தியானம் பன்னிரண்டரை என்றால் எங்களுக்கு அப்போதுதான் காலை ஏழு. இந்த ஐந்தரை மணித்தியால வித்தியாசத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், இடையில் ஓரிடத்தில் நிற்பதோடு மொத்தம் பதின்மூன்றரை மணித்தியாலம். தூரமும் ஐயாயிரத்து நானூறு மைல் வரும். அம்மாவுக்குத் தயவுசெய்து உண்மையைச் சொல்லிவிடுங்கள். அவ எட்டு என்று நினைத்து ஏறி, பிறகு நேரம் போகப் போகப் பயந்துவிடுவா. பிரஷர் குளிசையும் அந்தக் கணக்குக்குத்தான் போட வேண்டும்.

இந்தத் தெருவில் தமிழ் கதைக்க ஒருவரும் இல்லை. அம்மா வரும் நாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அன்பு மருமகள்
யோகமலர்


பாலையூற்று,
9.2.1979

அன்பு மருமகளுக்கு மாமா எழுதுவது. சுகத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அக்காவே நேரில் வந்து சொல்லுவா.

இந்தக் கடிதத்தை ஒட்டி அவவின் கையிலேயே தருகிறேன். தபால் வர எட்டு நாள், அக்கா வர எட்டு மணித்தியாலம். எது புத்தி?

நீ எழுதின ஐந்தரை மணித்தியாலக் கதையைப் பற்றி ஆறுதலாக யோசித்தேன். உன்னில் பிழை இல்லை, பிள்ளை. நீ படித்த பள்ளிக்கூடத்தில் பிளேன் இல்லை. லண்டன் மணிக்கூடுகள் பிந்துவதற்குக் காரணம் குளிர். குளிரில் எண்ணெய் இறுகும், முள் ஆறுதலாக ஓடும். சீனன்குடாவில் ஒரு துரை எனக்கு இதைப் படம் கீறியே விளங்கப்படுத்தினவர். அதனால்தான் அக்காவின் கையில் என்னுடைய மணிக்கூட்டைக் கட்டி விட்டிருக்கிறேன். அந்தத் துரை கப்பலேறும்போது கண்ணீரோடு கழற்றித் தந்த மணிக்கூடு அது.

"இதைத் திருப்பாதை அக்கா. ஒவ்வொரு நாளும் சாவி மட்டும் குடு. லண்டன் மணிக்கூடு என்ன சொன்னாலும் இது சொல்லுறதுதான் நேரம்."

"பிள்ளை திருப்பச் சொன்னால்?"

"சோமு வேண்டாமெண்டவன் எண்டு சொல்லு."

பதின்மூன்றரைக் கதையை அக்காவின் காதில் போடவில்லை. போட்டால் றெயிலிலிருந்தே இறங்கி ஓடிவிடுவா. குளிசையை மட்டும் இரண்டாகக் கொடுத்திருக்கிறேன்.

என் சாப்பாட்டைப் பற்றி அக்கா புலம்புவா. காதில் எடுக்காதே. சமையல் எனக்குப் பெரிய வித்தையா?

ஆண்பிள்ளையோ பெண்பிள்ளையோ, மூக்கு மட்டும் என்னுடையதாக வரட்டும்.

மாமா


லண்டன்,
14.3.1979

அன்புள்ள மாமாவுக்கு,

எழுதச் சுணங்கியதற்குக் காரணம் உங்கள் பேத்திதான். போன மாதம் இருபத்தேழாந் திகதி பிறந்தாள். பெயர் வசுமதி. அவளும் நானும் சுகம். மூக்கு யாருடையது என்று இன்னும் சொல்லத் தெரியவில்லை.

அம்மா சுகமாக வந்து சேர்ந்தா. பயணம் எப்படி என்று கேட்டேன். "சோமு சொன்ன மாதிரித்தான்" என்றா. இடியப்பம் நன்றாகப் புளித்துத்தான் வந்தது. அம்மா அதைப் பேசாமல் வெளியே கொண்டுபோய்ப் போட்டுவிட்டா.

உங்கள் மணிக்கூட்டை லண்டன் நேரத்துக்குத் திருப்பித் தருகிறேன் என்றதற்கு என் கையைத் தட்டிவிட்டா. ஒவ்வொரு நாளும் காலை ஏழு மணிக்குக் குழந்தையைக் குளிப்பாட்ட எடுக்கும்போது ஒருதரம் மணிக்கூட்டைப் பார்ப்பா. பார்த்துவிட்டு "ம்" என்பா. என்ன அம்மா என்றால் ஒன்றுமில்லை என்பா.

சரக்குக் கறி வாசத்துக்குப் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி கதவைத் தட்டி நெருப்புப் பிடித்துவிட்டதா என்று கேட்டாள். அம்மா அவளுக்கும் ஒரு கோப்பை கொடுத்து அனுப்பினா.

நான் இப்போது கொஞ்சம் களைப்பு. மிச்சம் பிறகு எழுதுகிறேன்.

யோகமலர்


பாலையூற்று,
8.4.1979

அன்பு மருமகள் யோகமலருக்கும் மகாராணி வசுமதிக்கும் மாமாவின் வாழ்த்து. மூவரும் சுகம் என்று அறிந்து பாலையூற்று முழுவதற்கும் கற்கண்டு கொடுத்தேன். ஊர் முழுக்க என்றால் நான்கு வீடு. ஆனால் சத்தம் ஊர் முழுக்கக் கேட்டது.

பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிந்திருக்கும். இனி அக்கா திரும்பும் விசயம். ஓகஸ்ற் பன்னிரண்டாந் திகதி ரிக்கெற். போகும்போதே அந்த நேரங்களையும் பார்த்துக் குறித்து வைத்தனான். பின்னேரம் ஆறு மணிக்கு லண்டனில் ஏறினால் மறுநாள் மத்தியானம் பன்னிரண்டுக்குத்தான் கட்டுநாயக்கா. பதினெட்டு மணித்தியாலம்! போக எட்டு, வரப் பதினெட்டு. அபூதாஹிருக்கு இது விளங்கவே இல்லை. நான் ஒரு தேங்காயை எடுத்து உருட்டிக் காட்டினேன்.

"இஞ்ச பார். பூமி இப்பிடிச் சுத்துது. நாங்கள் லண்டனுக்குப் போகேக்க லண்டன் எங்களைப் பாத்து எதிர வருது. பாதி வழியில சந்திக்கிறம். திரும்பேக்க கொழும்பு முன்னால ஓடுது. பிளேன் பின்னால துரத்த வேணும்."

"அது சரி சோமண்ணன், ஓடுற கொழும்பில இறங்கிறது எப்புடி?"

"அதுக்குத்தான் பைலற்றுக்குச் சம்பளம்."

ஆகவே பிள்ளை, ஓகஸ்றுக்குப் பிந்த விடாதே. ஐப்பசியில் வாடைக்காற்றுப் பிடித்தால் எதிர்க்காற்று. இருபத்திரண்டு மணித்தியாலமும் செல்லும். அக்காவுக்குக் கால் வீங்கும். அதற்காகத்தான் சொல்கிறேன், வேறு ஒன்றுக்கும் இல்லை.

இங்கே நான் ராசா மாதிரி இருக்கிறேன். நேற்றுப் பாரை மீனை ஒரு புது விதமாகச் சமைத்தேன். சட்டியோடு ஒட்டியிருக்கும், சுரண்டித்தான் சாப்பிட வேண்டும். பூனை அசைவத்தை விட்டுவிட்டது போல, கிட்ட வரவில்லை.

நீ அங்கே குடிக்கிற தேத்தண்ணியை ஒருக்கால் முகர்ந்து பார். அந்தப் பெட்டி என் கண்ணுக்கு முன்னால்தான் கப்பலேறினது.

அக்காவின் கதிரையைத் துடைத்து வைத்திருக்கிறேன் என்று சொல்லு.

மாமா


லண்டன்,
15.6.1979

அன்புள்ள மாமாவுக்கு,

இரண்டு மாதமாக எழுதவில்லை. கோபிக்க வேண்டாம். இங்கே எல்லோரும் சுகம். வசுமதி கவிழ்ந்து படுக்கிறாள்.

உங்கள் பதினெட்டு மணித்தியாலத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். உடனே நெஞ்சில் கை வைத்துவிட்டா. "எட்டே என்னைப் படுத்தின பாடு எனக்குத்தான் தெரியும். பதினெட்டு எனக்கு ஏலாது பிள்ளை" என்றா. இரண்டு பக்கமும் ஒரே பதின்மூன்றரைதான், மணிக்கூட்டு வித்தியாசம்தான் (கோடையில் இங்கே ஒரு மணித்தியாலம் முந்த வைப்பதால் இப்போது நாலரை) அப்படிக் காட்டுகிறது என்று கடதாசியில் கீறிக் காட்டினேன். "சோமு சீனன்குடாவில நிண்டவன். உனக்கென்ன தெரியும்?" என்கிறா. நான் என்ன செய்ய மாமா? நீங்களே கட்டிவிட்ட கணக்கு.

அதனால் ஓகஸ்றில் அவ வரவில்லை. ரிக்கெற் ஒரு வருடத்துக்குச் செல்லும், திகதியை மாற்றலாம் என்கிறார்கள். வசுமதிக்குப் பல்லு முளைத்து, தலையில் பல்லுக்கொழுக்கட்டை கொட்டிக் கொண்டாடி முடியட்டும், பிறகு பார்ப்போம் என்பது அம்மாவின் எண்ணம். நானாக அவவை மறிக்கவில்லை.

உங்கள் சுகத்துக்கும் பூனையின் சுகத்துக்கும் எழுதுங்கள்.

யோகமலர்


பாலையூற்று,
29.6.1979

அன்பு மருமகளுக்கு,

சுகம், சுகம். நேரே விசயத்துக்கு வருகிறேன்.

ஒரு நல்ல செய்தி. உன் கடிதம் வந்த அன்றைக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு சீனன்குடாவுக்குப் போனேன். வாசலில் நின்ற விமானப்படைப் பெடியனிடம் நான் யார் என்று சொன்னதும் அவன் நிமிர்ந்து சலூட் அடித்தான். (வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்தான் என்று அபூதாஹிர் சொல்லுவான். அவனுக்குப் பொறாமை.) திரும்பிவரும் பயண நேரத்தைப் பற்றி விசாரித்தேன். பதினெட்டு என்பது பழைய கணக்காம். பூமிக்கு வயது போய்விட்டது அல்லவா, முந்திய வேகத்தில் சுற்றுவதில்லை. கொழும்பு இப்போது நின்று நின்றுதான் ஓடுகிறது. பிளேன் இலேசாக எட்டிப் பிடித்துவிடுமாம். ஒன்பது மணித்தியாலம் போதும். பைலற் கொஞ்சம் வயதான ஆளாக இருந்தால் பத்து.

இதை அக்காவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டு. வேண்டுமென்றால் அந்தப் பெடியனைக் கொண்டு எழுதுவித்து அனுப்புகிறேன்.

நான் அவசரப்படுத்துவதாக நினைக்காதே. இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. முருங்கை காய்த்துத் தள்ளுகிறது, பறித்துச் சமைக்க ஆள் இல்லாமல் வீணாகிறது. அவ்வளவுதான்.

மாமா


லண்டன்,
5.8.1979

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லோரும் சுகம். உங்கள் சுகம் எப்படியென்று நீங்கள் எழுதுவதே இல்லை. பூமியின் சுகத்தைத்தான் எழுதுகிறீர்கள்.

பூமிக்கு வயது போன கதையைக் கேட்டு அம்மா கண்ணீர் வரச் சிரித்தா. சிரித்து முடிய அந்தக் கடிதத்தை வாங்கி மடித்து, தலையணைக்குக் கீழே வைத்தா. பிறகு, "அவன் கணக்கை மாத்திக்கொண்டு கிடக்கிறான். ஒரு கணக்கில நிண்டு சொல்லட்டும், வாறன்" என்றா.

மாமா, ஒன்றை நேராகவே எழுதுகிறேன். பிள்ளை பிறந்த பிறகு எனக்குக் காரணமில்லாமல் அழுகை வந்துகொண்டே இருந்தது. குழந்தையைத் தூக்கவும் மனம் வராது. உங்களுக்கு எழுதாமல் இருந்தது அதனால்தான். அம்மா ஒன்றும் கேட்காமல், ஒன்றும் சொல்லாமல், பிள்ளையையும் என்னையும் சேர்த்துப் பார்த்தா. இப்போது பரவாயில்லை. செப்ரெம்பரில் வேலைக்குத் திரும்ப வேண்டும். அம்மா இன்னும் ஆறு மாதம், ஏலுமென்றால் ஒரு வருடம் நின்றால் எனக்குப் பெரிய உதவி. விசா நீடிக்கவும் வழி இருக்கிறது. ஆனால் உங்களைத் தனியே விட்டிருக்கிறேனே என்ற நினைவு அவவுக்கு. நீங்கள் ஓம் என்று ஒரு சொல் எழுதினால் நிம்மதியாக நிற்பா.

என்மேல் கோபிக்க வேண்டாம்.

யோகமலர்


தேயிலைக் கிட்டங்கி,
திருகோணமலைத் துறைமுகம்.
14.9.1979

அன்பு மருமகள் யோகமலருக்கு மாமா சொல்ல, அபூதாஹிர் எழுதுவது.

கையெழுத்தைக் கண்டு திகைக்காதே. பெரிய மனிசர்கள் தங்கள் கையால் கடிதம் எழுதுவதில்லை. நானும் ஒரு கிளாக்கர் வைத்துக்கொண்டேன். நான் நல்ல சுகம். உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் ஒருநாளும் குறை வராது.

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதாதது, துறைமுகத்தில் எனக்கு நிறையப் பொறுப்புகள் என்றபடியால். நீ அழுததை எனக்கு முன்னமே எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் ஓகஸ்றைப் பற்றி நான் மூச்சே விட்டிருக்க மாட்டேன்.

அக்கா நிற்கட்டும். ஒரு வருடம் என்ன, இரண்டு வருடமும் நிற்கட்டும். அந்த விமானப்படைப் பெடியன் எனக்குப் பிழையாகச் சொல்லிவிட்டான். இப்போது நன்றாக விசாரித்துவிட்டேன். திரும்பிவரப் பதினெட்டும் இல்லை, இருபத்திரண்டும் இல்லை, வாடைக்காற்றுக்கு இருபத்தாறு மணித்தியாலம். அக்காவின் வயதுக்கு அது சரிவராது. பிளேனில் ஏற விடாதே. இதுதான் கடைசிக் கணக்கு, இனி மாறாது என்று சொல்லு.

சில்லுக்குக் கட்டை வைத்தாயிற்று என்று நினைத்துக்கொள். நான் வைத்த கட்டை ஒருநாளும் நழுவினதில்லை.

கொழுக்கட்டை கொட்டும்போது மாமாவின் பங்கு என்று ஒன்றை எடுத்து வை. நீயே தின்று விடு.

மாமா

தங்கச்சிக்கு அபூதாஹிரின் சலாம். சோமண்ணன் தேத்தண்ணிக்குப் போயிருக்கிறார். அவர் சொல்லாததையும் எழுதுகிறேன். கூரையில் ஓடு மாற்ற ஏறி விழுந்து வலக்கை முறிந்து மூன்று கிழமை. "கையப் பத்தி எழுதட்டா?" என்று கேட்டதற்கு, "எழுதினாயெண்டால் நாளைக்குப் பாதையிலேயே உன்னைக் கவிழ்ப்பன்" என்றார். மூன்று நேரமும் பேக்கரிப் பாணும் தேத்தண்ணியும்தான். என் வீட்டுக்காரி கட்டித் தருகிற சோற்றை நீட்டினால், "இப்பதான்டா சாப்பிட்டனான்" என்பார். ஒவ்வொரு நாள் பின்னேரமும் உங்கள் உம்மாவின் கதிரையை ஒற்றைக் கையால் வாசலுக்கு இழுத்து வைக்கிறார். பொழுதுபட்டதும் உள்ளே இழுத்து வைக்கிறார். ஏனென்று கேட்டால், கறையான் பிடிக்குமாம். நான் எழுதினதாகச் சொல்ல வேண்டாம்.


லண்டன்,
2.10.1979

அன்புத் தம்பி சோமுவுக்கு அக்கா கனகம்மா எழுதிறது.

நான் சுகம். உன்ர சுகம் எனக்கு இப்ப தெரியும். அபூதாஹிரை ஏசாதை, ஏசினால் நான் வந்து உன்னை ஏசுவன்.

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பிள்ளையிட்டச் சொல்லி எழுதுவிக்க இது சரிவராது. அதுதான் பென்சிலால எழுதிறன்.

அண்டைக்குப் பிளேன் இறங்கேக்க இவையளின்ர மணிக்கூட்டில பகல் இரண்டு. வெளியில வெளிச்சம். உன்ர மணிக்கூட்டில இரவு ஏழரை. ஆறிலயிருந்து ஏழரை எத்தினையெண்டு எண்ண எனக்கு அஞ்சாம் வகுப்புப் போதும். போனதும் பதின்மூன்றரை, வாறதும் பதின்மூன்றரை. பதினெட்டுக்குப் பயந்தனெண்டது சும்மா. பிள்ளை அழுதுகொண்டிருந்தாள், விட்டிட்டு வர மனம் வரேல்ல. அதை உனக்கு எழுதவும் மனம் வரேல்ல. உன்ர பதினெட்டு எனக்குக் கைகுடுத்துது.

சோமு, மணிக்கூட்டை நான் ஒருநாளும் திருப்பேல்ல. ஒவ்வொரு நாளும் அதில பன்னிரண்டரைக்குப் பாப்பன். இப்ப சோமு சாப்பிட இருப்பான் எண்டு நினைப்பன். அபூதாஹிரின்ர எழுத்தைக் கண்ட பிறகு பன்னிரண்டரைக்கு அதைப் பாக்க ஏலாமக் கிடக்கு.

பிள்ளை இப்ப அழுறதில்லை. மருமகன் இரவு வேலைக்கு மாறியிட்டார், பகலில குழந்தையை அவர் பாப்பார். வசுமதிக்குப் பல்லு இரண்டு. கொழுக்கட்டை கொட்டியாச்சு. பிள்ளையிட்டச் சொன்னனான், உனக்குப் புருசன் இருக்கு, அவனுக்கு ஆர் இருக்கெண்டு. குழந்தையை என்ர கையில தந்திட்டு, திகதி மாத்த அவளே போனாள்.

நவம்பர் நாலாந் திகதி மத்தியானம் கட்டுநாயக்கா. நீ வைச்ச கட்டையை நானே இழுத்துப்போட்டன்.

கூரைக்கு ஏறாதை.

அக்கா


பாலையூற்று,
11.11.1979

அன்பு மருமகள் யோகமலருக்கும் மருமகன் குணரத்தினத்துக்கும், இரண்டு பல்லுக்காரி வசுமதிக்கும் மாமா சொந்தக் கையால் எழுதுவது. எழுத்துக் கோணலாக இருந்தால் அது மேசையின் பிழை. கை முந்தியதைவிடத் திறம். இப்படி ஓர் எலும்பைத் தான் கண்டதில்லை என்று டொக்டரே சொன்னார்.

அக்கா பத்திரமாக வந்து சேர்ந்தா. நான் முதல் நாளே கட்டுநாயக்காவுக்குப் போய்விட்டேன். பிளேன் இறங்கினதைக் கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். சில்லுக்குக் கட்டை வைத்தவன் ஒரு பக்கத்தைக் கோணலாக வைத்தான். நான் கண்ணாடியில் தட்டிக் கையைக் காட்டினேன். அவன் பார்த்துத் திருத்தினான். திருத்தியிருக்காவிட்டால் உன் அம்மா பிளேனோடு நீர்கொழும்புக்கு உருண்டிருப்பா.

அக்கா வந்து என் கையைப் பார்த்தா. முகத்தைப் பார்த்தா. "மெலிஞ்சிட்டாய்" என்றா. பிறகு மணிக்கூட்டைக் கழற்றி என் கையில் கட்டிவிட்டா. சுவரில் இருந்த பெரிய மணிக்கூட்டோடு பார்த்தேன். ஒரு நிமிசம்கூடப் பிசகில்லை.

வீட்டுக்கு வந்தால் ஒழுங்கை முழுக்கச் சனம். அபூதாஹிர் விடியவே பாதையேறி வந்து நிற்கிறான். நடுவில் கதிரை போட்டு அக்காவை இருத்தியாயிற்று. அவன்தான் முதலில் கேட்டான்.

"சோமண்ணன்ட கணக்கு இந்தப் பக்கத்துக்கு மட்டும் பத்துத் தரம் மாறிட்டு. நீங்களே சொல்லுங்க அக்கா. போக எத்தின, வர எத்தின?"

அக்கா என்னைப் பார்த்தா.

"போக எட்டு. வர எட்டு. சோமு முதல் சொன்னதுதான் சரி."

சனம் என் பக்கம் திரும்பிற்று. நான் கதைக்க வேண்டிய இடம் அது. சீனன்குடாவும், துரையும், தேங்காயும் எல்லாம் வாய்வரைக்கும் வந்துவிட்டன. எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு எழும்பினேன். குசினிக்குள் போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணி வைத்தேன். "சோமண்ணனுக்குச் சுகமில்லயா?" என்று அபூதாஹிர் கேட்டது அடுப்படிக்குக் கேட்டது.

அக்கா அவ்வளவு தூரம் உன்னை விட்டுவிட்டு வந்திருக்கிறா. ஐயாயிரத்து நானூறு மைல் என்று நீ எழுதினது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. கிழமைக்கு ஒரு கடிதமாவது எழுது. குழந்தையின் படம் அனுப்பு.

மணி பன்னிரண்டரை. முருங்கைக்காய்க் கறி இறக்கியாயிற்று, அக்கா கூப்பிடுகிறா. உங்களுக்கு இப்போது காலை ஏழு மணி, வசுமதியைக் குளிக்க வார்க்கும் நேரம். தண்ணீர் இளஞ்சூடாக இருக்கட்டும்.

மாமா